கேபிள் போய்த் தண்டு வந்தது

இன்னொரு முறை படகுத்துறையில் இடித்தால் அங்கே அவள் படகுக்கு இடமில்லை என்று துறை மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போவதுதான் அவளுக்குப் பிழைப்பு. ஆனால் தப்பு அவள் கையில் இல்லை, கியர் கேபிளில் இருந்தது.

கேபிள் என்பது உறைக்குள் ஓடும் கம்பி. இழுத்தால் விறைத்து நிற்கும். உறை தேய்ந்தபின் தள்ளினால் உள்ளேயே நெளிந்துகொள்ளும். அந்தப் படகில் பின் கியர் விழக் கேபிளைத் தள்ள வேண்டும். படகுக்குப் பிரேக் கிடையாது, பின் கியர்தான் பிரேக். போன வாரம் அந்தத் தள்ளலைக் கேபிள் பாதி வழியில் விழுங்கிவிட்டது; படகு துறையில் போய் இடித்தது.

"கேபிள மாத்தி மாத்திப் போட்டது போதும் அண்ணி," என்றான் மெக்கானிக், அவள் கணவனின் தம்பி. "இரும்புத் தண்டே போட்டுடலாம். நெளியாது."

"உங்க அண்ணனுக்கும் ஒண்ணு போடுங்க தம்பி. கடைக்குப் போகச் சொன்னா நெளியறாரு."

கியர் கைப்பிடிக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே டீசல் தொட்டி. தண்டு நேராகப் போகாது. அதனால் தொட்டிக்கு முன்னால் குறுக்கே ஓர் அச்சு வைத்தான். அதன் இரு முனைகளிலும் சாண் நீள இரும்புக் கை. முதல் தண்டு ஒரு கையைத் தள்ளும், அச்சு உருளும், மறுமுனைக் கை தொட்டியின் ஓரமாகப் போகும் இரண்டாம் தண்டை நகர்த்தும். கியர்பெட்டி தாழ இருந்ததால் அந்தக் கையை மட்டும் கீழே தொங்கவிட்டான்.

கயிற்றை அவிழ்க்காமல் சோதிப்பது அவள் வழக்கம். கைப்பிடியை முன்னே தள்ளினாள். படகு பின்னே போய்க் கயிற்றை இழுத்தது.

"ஏம்மா, படகு கோவிச்சுக்கிச்சா?" என்றார் துறைமேல் நின்ற மேற்பார்வையாளர்.

மெக்கானிக் தலையில் கை வைத்தான். அவள் இஞ்சினை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணு மேல நிக்குது, ஒண்ணு கீழ தொங்குது. சைக்கிள் பெடல் மாதிரி தம்பி. ஒண்ணு முன்னாடி போனா மத்தது பின்னாடிதானே போகும்?"

"அப்ப ரெண்டையும் மேல நிறுத்தினா..."

"சேந்து போகும். ஸ்பேனர எடுங்க."

கீழே தொங்கிய கை மேலே திரும்பியது. தண்டு கொஞ்சம் சாய்ந்தது; சாய்ந்தாலும் நெளியவில்லை.

மாலையில் படகு நிறைய ஆட்களுடன் திரும்பினாள். காற்று பின்னாலிருந்து தள்ளியது. மேற்பார்வையாளர் முன்யோசனையாக நாலடி தள்ளி நின்றுகொண்டார். அவள் கைப்பிடியைப் பின்னே இழுத்தாள். டக். அந்தக் கணமே படகின் அடியிலிருந்த சுழலி தண்ணீரைக் கடைந்தது. துறைக்கு ஒரு விரல் இடைவெளி விட்டுப் படகு நின்றது. பெஞ்சில் தூங்கியவர் எழவேயில்லை.

"நல்லாதான் நிக்குது," என்றார் மேற்பார்வையாளர், ஏமாந்தவர்போல.

"நீங்களும் பக்கத்துல வந்து நில்லுங்க சார்," என்று கயிற்றை வீசினாள் அவள்.

அவர் வந்து, பிடித்து, தானே கட்டினார்.