குழாயில் ஒரு சின்னச் சக்கரம்

"அக்கா, ஒடம்பெல்லாம் நெருப்பு வெச்ச மாதிரி எரியுது. அத நிறுத்துக்கா!"

திருவண்ணாமலை வேங்கிக்கால் நர்சிங் ஹோமில் சிந்துஜா ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு படுத்திருந்தாள். 2009, கார்த்திகை தீபத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. போன வாரம் போட்ட வளைகாப்பு வளையல்களை மேலே தள்ளிவிட்டு நர்ஸ் டிரிப்ஸ் ஊசி குத்தியிருந்தாள். துணைக்கு ஓரகத்தி அருணாதேவி மட்டும்தான்.

சற்று முன் டாக்டரம்மா சொல்லியிருந்தார்: "இது மெக்னீசியம். கொழந்த மூளைக்குப் பாதுகாப்பு. கை கால் வெறச்சுப் போற ஆபத்து கம்மியாகும். உடம்பு எரியும், பயப்படாதீங்க."

அருணாதேவியின் மகன் வளவனும் ஏழு மாதத்தில் பிறந்தவன்தான். ஆறு வயதாகியும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும் கால்கள்.

"எனக்கு ஏன் மேடம் இத போடல?" என்று அருணாதேவி கேட்டிருந்தாள்.

"அப்பல்லாம் கொழந்தைக்காகன்னு போடற வழக்கம் வரலம்மா. இப்பதான் ஆராய்ச்சில தெரிஞ்சிருக்கு."

சிந்துஜாவுக்கு உடம்பு எரிந்தது. அருணாதேவிக்கு வயிறு. பௌர்ணமி தவறாமல் பிள்ளையை இடுப்பில் சுமந்து மலையைச் சுற்றியவள் அவள். கிரிவலத்தில் இரண்டாவதாக வரும் அக்னி லிங்கம் தாண்டுவதற்குள் ஆட்டோவைக் கூப்பிடுகிறவள் சிந்துஜா. அவளுக்குப் படுத்த இடத்தில் இந்த வரம்! வளைகாப்பன்று, "நீ வளையல் போட வேணாம், உன் புள்ள ராசி ஒட்டிக்கும், தள்ளி நில்லு" என்று மாமியார் ராணியம்மாள் சபையில் சொன்னபோது இதே சிந்துஜா கையை நீட்டிக்கொண்டு சும்மாதானே உட்கார்ந்திருந்தாள்?

"நிறுத்துக்கா... செத்துடுவேன்."

அவளே கேட்கிறாள். யார் குற்றம் சொல்ல முடியும்? அருணாதேவியின் கட்டைவிரல் டிரிப்ஸ் குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டியது. சொட்டு நின்றது.

சிந்துஜா மூச்சு விட்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "எம் புள்ள... வளவன் மாதிரி ஆயிடாது இல்லக்கா?"

வீட்டில் இரண்டு வளவன்கள். ஒரு கணம் அந்த நினைப்பு இனித்தது. இனித்துவிட்டதே என்று அருணாதேவிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"என் வளவனுக்கு இன்னாடி கொறச்சல்?" என்று சீறினாள். கை தானாகச் சக்கரத்தைத் திறந்துவிட்டது. "சிஸ்டர்! ஓடியாங்க, நான் நிறுத்திட்டேன், வந்து சரியா வெச்சுட்டுப் போங்க!"

நர்ஸ் திட்டிக்கொண்டே வந்து சொட்டைச் சரிசெய்தாள். மறுபடி எரிச்சல் ஏறியது. சிந்துஜா அலறி, ஊசி இல்லாத கையால் அருணாதேவியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

அருணாதேவி கையை இழுக்கவில்லை. மேலே பார்த்து எண்ணத் தொடங்கினாள். ஒவ்வொரு சொட்டும் அன்று வளவனுக்குக் கிடைக்காமல் போனது. அவள் தொடக்கூடாத, சிந்துஜா கையிலிருந்த அந்த வளையல்கள் அவள் மணிக்கட்டில் பச்சையும் சிவப்புமாக அழுந்திக்கொண்டிருந்தன.