கல்லீரலுக்குத் தெரியாத சேதி

லிஃப்டைப் பழுதுபார்க்கப் போன இடத்தில் ஏணி சரிந்து என் தொடையெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷனுக்காக நேற்று இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட என் வாயில் படவில்லை. ஆனால் காலையில் சோதித்தால் சர்க்கரை இருநூற்றைம்பது! எனக்குச் சர்க்கரை நோயே கிடையாது.

என் மனைவி நேராக வந்து தலையணையை உருவினாள். "உண்மையச் சொல்லுங்க, பிஸ்கட் குடுத்தது யாரு?"

"யாரும் குடுக்கல!" என்று கத்தினேன். அவள் குனிந்து என் வாயை மோந்து பார்த்தாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கக் கலக்கத்தில் எதையாவது தின்று தொலைத்தேனோ?

நர்ஸ் சிரித்தார். "அவரத் திட்டாதீங்கம்மா. பெரிய அடி பட்டா உடம்பு மிரண்டுடும். ஆபத்து வந்துடுச்சு, தப்பிச்சு ஓடத் தெம்பு வேணும்னு கல்லீரலே சர்க்கரைய ரத்தத்துல எறக்கிவிடும்."

"ஓடறதுக்கா?" என்றேன்.

"ஆமா."

எடை கட்டித் தொங்கவிட்டிருந்த என் காலைப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை.

"காலு ஒடஞ்ச விஷயத்த அதுக்கு யாருமே சொல்லலையா?"

மனைவி தலையாட்டிக்கொண்டே தலையணையைத் திரும்ப வைத்தாள், உறைக்குள் ஒருமுறை கைவிட்டுத் துழாவிய பிறகு.