போர்வைக்குள் இரண்டு கால்கள்

1

இந்தக் கதைக்குக் காரணம் காற்று. பழியை அதன் தலையில் போட்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

நகரின் நடுவே, வங்கிகளும் அலுவலகங்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் சதுக்கத்தில், ஒரு சிலை திறப்பு விழாவுக்காகக் காத்திருக்கிறது. தலையிலிருந்து பீடம் வரை சாம்பல் நிறத் துணி; தோளில் ஒரு முடிச்சு; முடிச்சிலிருந்து தொங்கும் கயிறு. கயிற்றை இழுக்க வேண்டிய பெரிய மனிதருக்கு நேரம் ஒழியவில்லை. தேதி குறிப்பதும் தள்ளிப்போவதுமாக, துணி வெயிலில் வெளுத்து மழையில் ஊறி, கிட்டத்தட்ட அதுவே சிலையாகிவிட்டது. ஊர் அதற்குப் 'போர்வைக்காரர்' என்று பெயரும் வைத்துவிட்டது. "போர்வைக்காரர்கிட்ட நில்லு, அஞ்சே நிமிஷம்" என்று போனில் சொல்கிறவர்கள் யாரும் ஐந்து நிமிடத்தில் வந்ததில்லை.

நானும் அப்படி ஒருவருக்காகத்தான் நின்றேன். காற்று துணியின் ஓரத்தைத் தூக்கியது. முழங்கால் உயரப் பீடமும், அதன் மேல் இரண்டு ஷூக்களும் தெரிந்தன. ஏதோ இடித்தது. குனிந்து என் கால்களைப் பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்க நிமிர்வதற்குள் காற்று இறங்கிவிட்டது.

நான் கண்டது இவ்வளவுதான். இனி வருவது முழுக்க நான் கட்டியது. அச்சில் வந்தால் எல்லாம் உண்மை என்று நம்பும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், சதுக்கத்துக் கல்வெட்டுகளை ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள். தெளிந்துவிடும்.

2

முதலில் இப்படி எழுதினேன்:

காலத்தின் கம்பீரச் சாட்சியாய், மௌனமே மொழியாய், நகரின் நெஞ்சில் நிமிர்ந்து நிற்கும் அந்த

(நிறுத்திவிட்டேன். இதே போக்கில் இன்னும் நாலு வரி எழுதினால் என்னையும் துணி போட்டு மூடிவிடுவார்கள்.)

பிறகு இப்படி:

அவள் உளியைக் கையில் எடுத்தாள். அவள் கண்களில் ஆயிரம்

(ஆயிரம் என்ன? கண்ணில் இருந்தது சிமென்ட் தூசி. தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டாள்.)

ஆம், சிமென்ட்தான். சிலை வைக்கும் குழு கேட்டது வெண்கலம். கிடைத்தது வெண்கலப் பூச்சு.

3

அவள் சிற்பி. அவர் அவளுடைய கணவர், அவரும் சிற்பி.

(நான் செய்த வேலையைக் கவனித்தீர்களா? இருவரும் ஒரே தொழில்; அவர் 'அவர்', அவள் 'அவள்'. கதையின் சண்டையே இதுதான், அதற்குள் நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன். திருத்திக்கொள்கிறேன். இனி மனைவி 'சிற்பி', மற்றவர் 'கணவர்'. இருவருக்கும் மரியாதை உண்டு.)

சதுக்கத்தில் பாதி அவர்கள் பட்டறைச் சரக்கு. கையை நீட்டி வங்கியைக் காட்டும் மேதை, புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி வேறெங்கோ பார்க்கும் கல்வியாளர், முன்னங்காலைத் தூக்கிய குதிரை மேல் தளபதி. தலையைச் சிற்பி செய்வார். உடம்பைக் கணவர் வார்ப்பார். உடம்புக்குப் பட்டறையில் கோட்டு அச்சு ஒன்று, அங்கி அச்சு ஒன்று. மேதையும் கல்வியாளரும் கழுத்துக்குக் கீழே இரட்டையர் என்பது ஊருக்குத் தெரியாது. தெரிந்தால் இருவரின் தொண்டர்களும் சாலை மறியல் செய்வார்கள்.

கால்கள் மட்டும் ஆளுக்கொன்று. கல்யாணமான புதிதில் விளையாட்டாகத் தொடங்கிய வழக்கம் அது. டீ குடித்துக்கொண்டே "இந்தத் தடவை எனக்கு வலது" என்று ஒருவர் சொல்வார், மற்றவர் தலையாட்டுவார். வேலை முடிந்ததும் ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார்கள். காய்ந்து இறுகும்வரை யாரும் பிரிக்கக் கூடாது.

பீடத்து மூலையில் 'சிற்பி' என்று போட்டு இதுவரை வந்ததெல்லாம் கணவரின் பெயர். இரண்டு பெயருக்கு இடமில்லை என்று குழுக்கள் சொல்லும். நன்கொடையாளர்கள் எத்தனை பேர் வந்தாலும் இடம் இருக்கும்.

4

இந்தச் சிலைக்கு வேலை தொடங்கிய அன்று சிற்பி சொன்னார்: "இந்தத் தடவை என் பேரும் வரணும்."

"போடலாம்" என்றார் கணவர்.

வீட்டுக்கு வெள்ளை அடிக்கலாம், ஒருநாள் கடல் பார்க்கப் போகலாம் என்றெல்லாம் அவர் சொல்லும் அதே 'லாம்'. சிற்பி நேராகக் குழுவிடமே போய்விட்டார். முகத்தின் மாதிரி செயலாளருக்குப் பிடித்திருந்தது. "ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கு. அதனால என்ன, மேடம் பேரையே போட்டுடறோம்" என்றார்.

ஒரே பெயர். அதுவும் சிற்பியின் பெயர். அன்று சாயங்காலத்திலிருந்து பட்டறையில் பேச்சுவார்த்தை நின்றது. அதாவது, நேரடிப் பேச்சு நின்றது. எல்லாம் பட்டறை நடுவே சிலையாகிக்கொண்டிருந்த தலைவர் வழியாக நடந்தது.*

"தலைவரே, சாப்பாடு ஆறுது. வேணும்னா வரச் சொல்லுங்க."

"தலைவரே, எனக்குப் பசியில்லைன்னு சொல்லுங்க. அப்படியே, முதுகுல ஒரு விரிசல் விட்டிருக்கு, பேர் போட்டுக்கறவங்களே பார்த்துக்கட்டும்."

"முதுகு செஞ்சது யாருன்னு கேளுங்க தலைவரே."

கடைசியாக ஒருநாள்:

"தலைவரே, ஒரு கால் முடிஞ்சுது. சொல்லிடுங்க."

"இந்தப் பக்கமும் ஒரு கால் முடிஞ்சுதுன்னு சொல்லிடுங்க தலைவரே."

தலைவர் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

\* தலைவர் என்ன சாதித்தார் என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை. குழுவும் செய்யவில்லை. "அவர் இல்லையேல் நாம் இல்லை" என்று பொறித்துச் சமாளித்துவிட்டார்கள். உயிரோடு இருந்தபோதும் இரண்டு தரப்பும் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார் என்று செயலாளரே ஒருமுறை வாய்தவறிச் சொன்னார்.

5

சாக்கோடு கொண்டுபோனார்கள், சாக்கோடு மாட்டினார்கள். கிரேன்காரர் "ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம்" என்று இறக்கிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடினார். பெரிய மனிதர் எந்த நேரமும் வரலாம் என்று செயலாளர் உடனே துணியைப் போட்டுவிட்டார். ஷூவுக்குப் பூச்சு அடிக்க ஒருநாள் துணிக்குள் நுழைந்து, சாக்கைப் பிரித்தார் சிற்பி.

பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டினார். கணவர் வாளியும் கையுமாக நின்றிருந்தார். இத்தனை நாள் கழித்து முதல் நேர்ப்பேச்சு:

"என்னங்க, கொஞ்சம் உள்ள வாங்களேன்."

கணவர் உள்ளே போய்ப் பார்த்தார். இரண்டு ஷூவின் முனைகளும் ஒரே பக்கம், வலப்பக்கம், சாய்ந்திருந்தன. சதுக்கத்தின் வலப்பக்கம் இருப்பது பொதுக் கழிப்பறை. தலைவர் முகத்தில் தொலைநோக்கு, கால்களில் அவசரம்.

"ரெண்டும் இடது" என்றார் சிற்பி.

"நீ வலதுதானே செஞ்சிருக்கணும்?"

"போன தடவை வலது நான். அப்போ இந்தத் தடவை இடது எனக்குத்தானே?"

"போன தடவை குதிரை. அதைப் போய்க் கணக்குல சேர்ப்பாங்களா?"

"ஏன், குதிரைக்குக் கால் இல்லையா?"

"ஆளுக்கு ரெண்டு செஞ்சோம். அதுல வலது ஏது இடது ஏது?"

"கேட்டிருக்கலாம்ல?"

"யாரைக் கேட்கறது? நீதான் தலைவர்கிட்டப் பேசிட்டிருந்தியே."

இருவரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"சரி, தப்பான பக்கம் நிக்கறது உங்க காலு" என்றார் சிற்பி.

"அதெப்படி? நாடா முடிச்சைப் பாரு. அது உன் கை."

குனிந்தார்கள். தடவிப் பார்த்தார்கள். தையல் கோடு, குதிகால் தேய்மானம், நாடாவின் தொய்வு எல்லாம் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே இருந்தன. இத்தனை வருடம் ஒரே மேஜையில் வேலை செய்ததில் யார் கை யாருடையது என்பது அவர்களுக்கே தெரியவில்லை.

(இந்த இடத்தில் ஒரு தத்துவம் எழுதி, அடித்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் அடித்தேன்.)

6

மறுநாள் சிற்பி செயலாளரிடம் போனார். மேஜை மேல் தலைவரின் குட்டி மாதிரி. அதன் தலையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்கும் பழக்கம் அவருக்கு.

"சார், சிலையோட கால்ல ஒரு சின்ன விஷயம்..."

"கால்ல என்ன?" கண்ணாடி தலைவரின் தலையிலிருந்து இறங்கி மூக்குக்கு வந்தது. "மேடம், முதல் தடவை பேர் போடறவங்களை நம்பி இதைக் கொடுக்கறதான்னு எத்தனை பேர் கேட்டாங்க தெரியுமா? நான்தான் ஒத்தக்கால்ல நின்னு வாங்கிக் கொடுத்தேன். ஏதாச்சும் குறைன்னா சொல்லுங்க, பழையபடி சார் பேரையே செதுக்கிடலாம். அவருக்கு அனுபவம் இருக்கு."

"ஒண்ணுமில்ல சார். தூசி படிஞ்சிருக்கு. துடைச்சுடறேன்."

இப்போது நிலைமை இதுதான். வாயைத் திறந்தால் பெயர் போகும். திறக்காவிட்டால், வாழ்க்கையில் முதன்முதலாகத் தன் பெயர் ஏறும் கல்லின் மேல், ஊர் பார்க்க, இரண்டு இடது கால்கள் நிற்கும்.

7

பட்டறைக்குத் திரும்பியதும் கணவர் சொன்னார்: "நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படாதே. என் பேரையே போடச் சொல்லிடறேன். ஊர் சிரிச்சா என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்."

சிற்பி அவரை உற்றுப் பார்த்தார். "நல்ல மனசோடதான் சொல்றீங்களா?"

"வேற எந்த மனசோட சொல்வாங்க?"

"எப்படி நம்பறது?"

"நம்பாட்டிப் போ." முகத்தைத் திருப்பிக்கொண்டு உளிகளைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த உளிகள்.

இந்த மனிதரோடுதான் எனக்கு மல்லுக்கட்டு. ஒரு வரைவில் அவரைத் தியாகியாக எழுதினேன். படிக்கப் படிக்கத் திகட்டியது. இன்னொன்றில் பறிபோன பெயரைத் தந்திரமாகத் திருப்பி வாங்குகிறவராக எழுதினேன். துடைத்த உளியைத் திரும்பத் துடைக்கும் அந்தக் கை ஒத்துழைக்கவில்லை. இரண்டும் கலந்தவர் என்று எழுதலாம். சொந்த வீட்டில் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் ஆள்தான், ஆனால் அப்படி எழுதினால் எழுத்தாளர் நழுவுகிறார் என்பீர்கள். நழுவுகிறேன்.

8

முடிவுகளைக் கைவசம் வைத்திருக்கிறேன்.

ஒன்று: துணி விழுகிறது. எல்லோரும் பெரிய மனிதரோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். காலை ஒருவரும் பார்ப்பதில்லை. (நடக்கக்கூடியது. அதனாலேயே கதைக்கு ஆகாது.)

இன்னொன்று: ஒரு விமர்சகர் பார்த்துவிடுகிறார். 'இரு பாதங்களும் ஒரே திசை நோக்கும் இச்சிற்பம், திசைமாறாத ஒரு வாழ்வின் சலனமற்ற சலனம்' என்று நீளமாக எழுதுகிறார். அடுத்து வரும் தலைவர்களுக்கெல்லாம் இரண்டு இடது கால் கேட்டு ஆர்டர் குவிகிறது.

அப்புறம் பூந்தொட்டி முடிவு. செயலாளர் கண்டுபிடித்துக் காலைச் சுற்றித் தொட்டிகளை அடுக்கிவிடுகிறார். எந்தச் சிக்கலானாலும் குழுக்களிடம் பூந்தொட்டி உண்டு. சதுக்கத்தில் தொட்டிகள் அடர்ந்திருக்கும் இடங்களைச் சற்றே சந்தேகத்தோடு பாருங்கள்.

மூன்றையும் சிற்பியிடம் காட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எல்லாத்துலயும் நான் ஓரமா நின்னு வேடிக்கை பார்க்கறேன்" என்றிருப்பார். "அதுக்கு நான் எதுக்கு இந்தக் கதைல?"

நியாயம். மூன்றையும் எடுத்துவிடுகிறேன்.

9

கடைசியில் பெரிய மனிதருக்கு நேரம் ஒழிந்தது. காலையிலேயே நாற்காலிகள் வரிசைகட்டின. பேண்டு வாத்தியக்காரர்கள் மரநிழலில் தொண்டையை நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

சிற்பி பையோடு வந்தார். யாரையும் பார்க்கவில்லை. துணியின் ஓரத்தைத் தூக்கி உள்ளே போனார். சற்றுப் பொறுத்துக் கணவர் வந்தார். அக்கம்பக்கம் பார்த்தார், எதையோ தேடுவதுபோலக் குனிந்தார், குனிந்தவாறே அவரும் உள்ளே போனார். அவர் கையில் குழைத்த சிமென்ட் இருந்த சட்டி.

எதிரில் ஜூஸ் கடை அக்கா பழத்தை நறுக்குவதை நிறுத்தினார். "போர்வைக்காரருக்கு உள்ள என்னப்பா நடக்குது?"

எனக்கும் தெரியாது. நான் துணிக்கு வெளியே நிற்கிறேன். கதாசிரியர் எங்கும் நுழையலாம் என்பார்கள். புருஷன் பெண்டாட்டி இருக்கும் போர்வைக்குள் நுழைகிற அளவுக்கு நான் மோசமில்லை. காதில் விழுந்ததைச் சொல்கிறேன்.

"கொஞ்சம் தள்ளுங்க."

"எங்க தள்றது? தலைவர் இருக்காரே."

"தலைவரே, இவரைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

சிரிப்பு. யாருடையது என்று தெரியவில்லை. பிறகு சிற்பியின் குரல்:

"கேட்காம வந்துட்டீங்க?"

"கேட்கலாம்னுதான் வந்தேன்."

"என் பேரைத் தொடக் கூடாது."

"தொடல. பக்கத்துல இடம் இருக்கான்னு பார்த்தேன்."

"இடம் இல்லைன்னாங்க."

"யாரு சொன்னது?"

சுத்தியல் சத்தம் தொடங்கியது. பெயர்ப்பலகை ஷூவின் முனையை ஒட்டியே இருக்கிறது. தட்டுவது காலையா பெயரையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. துணி ஒரு பக்கம் புடைத்தது, மறுபக்கம் புடைத்தது. முதலில் ஒரு சுத்தியல்தான் கேட்டது. இப்போது இரண்டு.

10

கார்கள் வந்துவிட்டன. வாத்தியம் முழங்குகிறது, அதில் சுத்தியல் சத்தம் அமுங்கிவிட்டது. செயலாளர் கயிற்றின் நுனியைப் பெரிய மனிதரிடம் பணிவோடு நீட்டுகிறார். அவர் போனில் பேசிக்கொண்டே, "யாராவது இழுங்களேன், நான் கை தட்டிடறேன்" என்று சைகை காட்டுகிறார். செயலாளர் கூட்டத்தைத் துழாவுகிறார். முன்வரிசையில் இவ்வளவு நேரம் பொறுமையாக நின்றுகொண்டிருப்பவர் நீங்கள்தான்.

கயிறு இப்போது உங்கள் கையில்.

பலகையில் ஒரு பெயரா, இரண்டா, ஒன்றுமே இல்லையா, தலைவர் சரியான கால்களில் நிற்கிறாரா, இன்னும் வலப்பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறாரா என்பதை என்னைவிட நீங்கள்தான் முதலில் பார்க்கப் போகிறீர்கள். என்னிடம் கேட்டுப் பயனில்லை. நான் பூந்தொட்டிக்குப் பின்னால் போய்விட்டேன்.

ஒன்றே ஒன்று. இழுப்பதற்கு முன்னால் லேசாகச் செருமுங்கள். உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள்.