சரணடைந்தவரின் இரண்டு படங்கள்

இத்தாலியில், கபோ சந்தைக்குப் பின்னால், நான் வேலை செய்யும் வீட்டில் என்னைவிட மரியாதையாக நடத்தப்படுபவை இரண்டு ஓவியங்கள். இரண்டிலும் ஒரே ஆள்தான். வீட்டு எசமானி சிஞோராவின் முன்னோர், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத் தளபதி. ஒன்றில் வாள் பிடித்திருக்கிறார், மற்றதில் இறகுப் பேனா. தொப்பை மட்டும் மாறவில்லை.

வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் சிஞோரா அவர் கதையைச் சொல்லுவார். தளபதி தூரதேசத்தில் முழுப் படையோடும் சரணடைந்தாராம். எதிரிகள் விருந்து வைத்துக் கப்பலேற்றி அனுப்பினார்களாம். ஊர் திரும்பியவர் நகைச்சுவை நாடகங்கள் எழுதினாராம். பாவம், சரணடைந்த களைப்புத் தீர வேண்டாமா?

நேற்று உதவிக்கு வந்த நிரோசினி, படங்களைத் தூசு தட்ட நான் ஏறிய ஏணியைப் பிடித்தபடி கேட்டாள்.

"சரணடைஞ்ச ஆக்களுக்கும் படம் வரைவினமோ அக்கா?"

"ஓம், வெள்ளைக்காரர் எண்டால் வரைவினம்."

என்ன கதைக்கிறீர்கள் என்று சிஞோரா விசாரித்தார். என் தம்பியும் சரணடைந்தவன் என்று இத்தாலிய மொழியில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவனுக்கும் படம் உண்டா என்று கேட்டார்.

உண்டு என்றேன். கிளிநொச்சியில், ராணுவத்திடம் கையளித்த மகன் எங்கே என்று கேட்டபடி, வீதியோரத்தில் அம்மா அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்.