வலிக்காத வண்டி

பெட்டியைத் திறந்து பார்த்ததும் மோகனசுந்தரம் என்னை ஓங்கி அறைந்தார். உதடு கிழிந்தது. பின்சீட்டில் வைத்து வாய்க்கால் ரோட்டில் ஓட்டிவந்த பழுத்த மாம்பழங்களில் பாதி கன்றிப்போயிருந்தன. முதலமடையில் வண்டியின் சொகுசை இப்படித்தான் சோதிப்போம்.

"மாங்கா லாரியாடா இது, அன்சாரு? எங்கப்பாரு வாங்குன காரு!"

தப்பு என்னுடையதுதான். பட்டறையில் லாரிக்கு ஸ்பிரிங் கட்டிப் பழகிய கை, காருக்கும் இரும்புப் பட்டைகளைக் கூட்டிவிட்டேன். ஸ்பிரிங்கில் பட்டையைக் கூட்டினால் வண்டி தேறிவிடும் என்று நம்புகிற ஊர் இது. பாரத்துக்கு அது சரி. இடுப்பெலும்பு முறிந்தவளுக்கு?

அவர் மனைவி வனிதாவைப் பாலக்காட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவரத்தான் இவ்வளவும். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றால் மானம் போய்விடுமாம். மாடிப்படியில் விழுந்தாள் என்று சொல்லிவைத்திருந்தார். தூ! மிதித்தது அவர் என்று ஊருக்கே தெரியும். ஊர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது, நானும்தான்.

கூட்டிய பட்டைகளைக் கழற்றினேன். மிச்சத்தைத் தேய்த்து, நடுவே கிரீஸ் தடவி, தோலுறை போட்டுக் கட்டினேன். மறுபடி ஓட்டியதில் ஒரு பழம்கூடக் கன்றவில்லை. அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். தலையணைகளில் சாய்ந்திருந்தாள் வனிதா, பக்கத்தில் அவர். கொல்லங்கோடு தாண்டியதும் அவள் வாயைத் திறந்தாள்.

"அண்ணா, மீனாட்சிபுரத்துக்கு உடுங்க, எங்கம்மா ஊட்டுக்கு. தோட்டத்து ஊட்டுக்குப் போனா இவரு என்னயக் கொன்னுபோடுவாருங்க."

அவர் அவள் கொண்டையைப் பிடித்துத் தலையைக் கண்ணாடியில் மோதினார். பிறகு முறிந்த இடுப்பிலேயே குத்தினார். அவள் போட்ட அலறலில் என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

சட்டையைப் பிடித்து அவரை வெளியே இழுத்தேன். என் மூக்கில் குத்தினார், கையைக் கடித்தார். ஜாக்கிக் கம்பியால் அவர் முட்டியில் போட்டேன். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. விழுந்தவரை இன்னொன்றும் போட்டேன். அது தேவையே இல்லை, ஆத்திரம்.

"உன்ற பட்டறையக் கொளுத்திப்போடுவேன்டா!"

"கொளுத்துங்க," என்று வண்டியில் ஏறினேன்.

குழி பார்த்து, மெல்ல ஒடித்து, மீனாட்சிபுரத்துக்கு ஓட்டினேன். தோட்டத்து ஆட்களுக்கு அவர் போன் போட்டிருப்பார், அவர்கள் வழிமறிக்க வருவார்கள் என்று எனக்கு உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது.

"எதுக்குண்ணா மெதுவாப் போறீங்க? வலிச்சா வலிக்கட்டும், மிதிங்க!"

மிதித்தேன். அந்த வேகத்துக்கு எந்த ஸ்பிரிங்கும் தாங்காது. ஒவ்வொரு குழியிலும் அலறினாள். அலறி முடித்ததும், "இன்னும் வேகமா" என்றாள்.