வராத பல்

பல் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக உதவியாளர் வேலை எனக்கு. கருவிகளைக் கழுவுவேன், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பேன், வருகிற அம்மாக்களுக்குப் புத்தி சொல்வேன். "எக்ஸ்ரே எடுக்காம பால் பல்லைப் பிடுங்கச் சொல்லாதீங்க" என்று தினமும் நாலு பேரிடமாவது சொல்லிவிடுவேன். ஊருக்குத்தான் உபதேசம்.

என் மகளுக்கு எட்டரை வயதாகியும் மேலே, முன்பல்லுக்குப் பக்கத்துப் பால் பல் ஆடவே இல்லை. அவள் வகுப்பில் எல்லாருக்கும் விழுந்து முளைத்தாயிற்று. அடியில் புதுப் பல் முட்டிக்கொண்டு நிற்கிறது, இதுதான் வழியை மறிக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். ஒரு மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவளை நாற்காலியில் ஏற்றினேன்.

"படம் எடுத்துப் பாத்துடலாமா?" என்றார் டாக்டரம்மா.

"எதுக்கு டாக்டர்? நம்ம பிள்ளைதானே, எனக்குத் தெரியாதா?" என்றேன். பிடுங்கியாயிற்று.

ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. ஈறு வழவழவென்று அப்படியே கிடந்தது. இன்றைக்குக் காலையில்தான் படம் எடுத்துவிட்டு அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம். படத்தில் அந்த இடத்தில் வெறும் எலும்பு.

"இங்க பல்லே உருவாகல. அந்தப் பால் பல் இருந்திருந்தா இன்னும் பல வருஷம் ஓட்டியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "உன் பேச்சை நான் கேட்டிருக்கக் கூடாது."

தலையில் இடி விழுந்தது போல இருக்கும் என்பார்கள். எனக்கு எதுவும் விழவில்லை. ஊசி போட்டு மரத்த உதடு மாதிரி நான் இருந்தேன், அவ்வளவுதான். அடுத்த ஆளுக்குக் கருவித் தட்டை எடுத்து வைத்தேன். சாயங்காலம் வரை ஒரு தப்பும் செய்யவில்லை.

வீட்டில் மகள் கண்ணாடி முன்னால் உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நாக்குல ஏதோ தட்டுதும்மா. வருது போல."

"வராதுடா" என்றேன். படத்தில் என்ன தெரிந்தது, பிடுங்கச் சொன்னது யார், வளர்ந்து முடிந்ததும் செயற்கைப் பல் வைக்கலாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். காய்கறி விலை சொல்வதுபோல வந்தது என் குரல்.

உதட்டை விட்டாள்.

"அன்னிக்கு நான் அழுதிருந்தா விட்டிருப்பியாம்மா?"

ஆமாம் என்று பொய் சொல்லலாம். ஆனால் அழுத பிள்ளைகள் எத்தனை பேரை நான் அமுக்கிப் பிடித்திருக்கிறேன்!

"விட்டிருக்க மாட்டேன். கையைப் பிடிச்சிருப்பேன்."

அவள் மூச்சு விட்டாள். "அப்ப நான் அழாததால இது நடக்கல" என்று சொல்லிவிட்டு, பையைத் திறந்து வீட்டுப்பாடத்தை எடுத்தாள்.