வெயில்காரர் கழுவாமல் விட்ட பாதி

"மெஷினை ஓட்டுன்னா ஓட்டு. உங்கிட்ட நான் யோசனை கேக்கல."

வெயில்காரரின் மனைவி மகனைப் பார்த்துக் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது. முன்னறையில் புருஷன் வெள்ளைத் துணிக்குள் கிடக்கிறார். வண்டி வர நேரமிருக்கிறது. அதுவரைக்கும் பின்கட்டில் பேப்பர் கப்பு மெஷின் ஓட வேண்டுமாம். வந்திருந்தவர்கள் துக்கத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"அப்பா கெடக்கிறாரும்மா. பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

"என்னைக்குத்தான் அவங்க சொல்லல? அவர் இந்த வாசலத் தாண்டுற வரைக்கும் அவரோட வெயில் சும்மா இருக்கக் கூடாது."

மகன் தன் மனைவியைப் பார்த்தான். மருமகள் தரையைப் பார்த்தாள். ஓட்டாவிட்டால் ஏன் என்று கேள்வி வரும். ஓட்டினால், கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

வெயில்காரர் என்ற பெயர் தெரு வைத்ததுதான். தகரக் கூரை முழுக்க சோலார் பேனலைப் பரப்பி, அதில் வருகிற கரண்டில்தான் கப்பு செய்வேன் என்று பிடிவாதம் பிடித்த மனுஷன். ஒவ்வொரு கப்பிலும் சிரிக்கிற சூரியனைப் போட்டு, கீழே 'வெயிலில் செய்தது' என்று அச்சடித்தார். ஒரு வாய் டீ குடித்துத் தூக்கியெறிகிற கப்பு எதில் வெந்தால் என்ன என்று தெரு கேலி செய்தது. சாக்கடையில் மிதந்த கப்புகளில் சூரியன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் அசரவில்லை. "தெருவே இருட்டா கெடந்தாலும் என் மெஷின் நிக்காது. அந்தச் சத்தத்தப் புடிச்சுக்கிட்டு வீடு போய்ச் சேருங்க," என்பார்.

போன மழைக்காலத்தில் அவர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இடி விழுந்து, பேனல் பிடித்த வெயிலைச் சேர்த்துவைத்து மெஷினுக்குக் கரண்டாக்கித் தருகிற இன்வர்ட்டர் பெட்டி கருகிப்போனது. மனசு கலங்குகிற சேதி எதுவும் சொல்லாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகனும் மருமகளும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெஷினைத் தெருக் கரண்டில் மாட்டினார்கள். செத்த பெட்டியின் நெற்றியில் ஒரு பச்சை விளக்கையும் அவன் பொருத்தினான். அதுவும் தெருக் கரண்டில்தான் எரிந்தது. கண் விழித்ததும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "ஓடுதா?" ஓடுது மாமா என்றாள் மருமகள். அன்றைக்கு அது பொய்யுமில்லை.

பிறகு, நல்ல நாள் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். அவரோ வீட்டுக்கு வந்ததிலிருந்து பச்சை விளக்கைப் பார்த்துக் கும்பிடாத குறை. காலையில் வாளியும் துணியுமாகக் கூரையேறி, உயிரில்லாத பேனலைக் குழந்தைக்கு முகம் துடைப்பது போலத் துடைப்பார். கரண்ட் போய் மெஷின் நின்றால், மருமகள் ஓடிப்போய்ப் பச்சை விளக்கின் மேல் துணியைப் போட்டுவிட்டு மூடியைத் திறந்து, "பேப்பர் மாட்டிக்கிச்சு மாமா," என்பாள். பெரியவர் நம்புவார். மாமியாரும் நம்பினாள். தெருவில் ரெண்டு பேருக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பது தெருவுக்குப் பிடிக்காது. எட்டிப் பார்ப்பதோடு சரி.

நேற்றுக் காலை பாதிப் பேனலைக் கழுவி முடித்திருந்தார். சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது. வாளி முதலில் விழுந்தது, பின்னாலேயே அவர்.

இப்போது மெஷின் தடதடக்கத் தொடங்கியதும் முன்னறை கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த நாத்தனார், பெரியவரின் மகள், மூக்கைச் சிந்திவிட்டு எழுந்துபோய், சூடு ஆறாத கப்புகளை அடுக்கி எடுத்துவந்து டீ ஊற்றினாள். செத்தவர் வீட்டில் செத்தவர் சரக்கிலேயே டீ. பெரியவரோட ஆசை நிறைவேறிச்சு என்று ஒருவர் உருகினார். ரெண்டாவது கப்பு அவருக்குத்தான் முதலில் கிடைத்தது.

அப்போதுதான் பெரியவர் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி தளர்ந்தது. தெருவில் எங்கோ ஒரு ரேடியோ வாயை மூடிக்கொண்டது. பின்கட்டில் மெஷினும் நின்றது.

கப்பை வாயருகே கொண்டுபோனவர்கள் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மருமகளின் கை பழக்கத்தில் மூடியைத் திறந்துவிட்டது. விளக்கில் துணி போடத்தான் மறந்துவிட்டாள். நிமிர்ந்தால் வாசலில் மாமியார். அவள் மெஷினைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விளக்கு அணைந்திருந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"பேப்பரா?"

"ஆமாத்தை."

மாமியார் பெட்டிக்குப் பக்கத்தில் போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல் பார்ப்பது போல வைத்திருந்தாள்.

"இத்தனை நாளும் பேப்பர்தானா?"

மெஷின் வாயில் அடி ஒட்டாத கப்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்கலாமா வேண்டாமா என்பது போல மருமகளின் கை பாதியில் நின்றது.

"மூடிய மூடு," என்றாள் மாமியார். "யாராவது கேட்டா, நான்தான் நிறுத்தச் சொன்னேன்னு சொல்லு."

அவள் முன்னறைக்குத் திரும்பி, கூடியிருந்தவர்களிடம், போதும் என்று தானே நிறுத்தச் சொன்னதாகச் சொன்னாள். குரல் பிசிறவில்லை. பெரியவரின் காதை மூடும்படித் துணியை இழுத்துவிட்டாள். வண்டி வந்தது. மருமகள் கடைசி வரைக்கும் மாமியார் முகத்தைப் பார்க்கவில்லை. அதைத் தெரு கவனித்தது.

மகனும் மருமகளும் வருஷம் திரும்புவதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கே சாப்பாட்டு டப்பா செய்கிற பெரிய கம்பெனியில் ரெண்டு பேருக்கும் வேலை. இருந்துவிட்டுப் போங்கள் என்று மாமியார் சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது மருமகள் கையில் ஒரு அடுக்குக் கப்பு கொடுத்தாளாம். வழியில் தண்ணி குடிக்க. நாத்தனாரை அந்த எலக்ட்ரீஷியனே கட்டிக்கொண்டான். துக்கத்துக்கு வந்தவன் பார்த்த பார்வையிலேயே தெருவுக்குத் தெரியும். கல்யாணம் ஆன கையோடு, பெட்டியை மாற்றித் தரட்டுமா அத்தை என்று கேட்டானாம். மாமியார் வேண்டாம் என்றுவிட்டாள். மெஷினை விற்றாயிற்று.

பேனல்கள் மட்டும் கூரையிலேயே இருக்கின்றன. காலையில் அவள் வாளியோடு ஏறி, அவர் கழுவாமல் விட்ட பாதியை மட்டும் கழுவிவிட்டு இறங்குகிறாள். அந்தப் பக்கம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அவர் கழுவிய பாதியில் தூசி ஏறி, எது பேனல், எது தகரம் என்று தெரியவில்லை.